சிவப்புப் புள்ளி வைத்த பந்து

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவருக்கு கோல்ஃப் மைதானத்தில் ‘மூணு நிமிஷம்’ என்று பட்டப்பெயர். காணாமல் போன பந்தை மூன்று நிமிடத்துக்கு மேல் தேடக் கூடாது என்ற விதியை அவர் யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

தன் பந்து எது என்று தெரிய அதில் ஓர் அடையாளம் வேண்டும். அவருடைய பந்துகளில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைப்பது மனைவியின் வேலை. போன மாதம் மனைவி இறந்துவிட்டார். புள்ளி வைத்த பந்து ஒன்றுதான் மிச்சம். வழக்கம்போல அதையே எடுத்து அடித்தார். அது உயரமான புல்லுக்குள் போய் விழுந்தது.

பின்னால் அடுத்து ஆட வேண்டிய நால்வர் காத்திருந்தார்கள். அவர்களைக் காக்க வைப்பது மரியாதையல்ல என்று கையசைத்து முன்னே போகச் சொன்னார். பிறகும் தேடினார்.

ஆட்டம் பழக வந்திருந்த மச்சினன் கடிகாரத்தைப் பார்த்தான். “அத்தான், மூணு நிமிஷம் ஆயிடுச்சு. நானா இருந்தா இந்நேரம் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பீங்க.”

“சரி, தொலைஞ்சது தொலைஞ்சதுதான். தண்டனையா கணக்குல ஒரு அடி கூடச் சேரும். பழைய இடத்துக்குப் போய் மறுபடி அடிக்கணும்.” அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் சொன்னார்.

திரும்பும்போது மச்சினன் காலில் ஏதோ இடறியது. சிவப்புப் புள்ளி தெரிந்தது.

“கிடைச்சிடுச்சு அத்தான். யாரு பாத்தா? இதையே அடிங்க.”

“நேரம் தாண்டிடுச்சு. இனிமே இது ஆட்டத்துல இல்ல.”

பந்தைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். பிறகு ஒரு புதுப் பந்தை எடுத்தார்.

“பேனா இருந்தா குடு.”

அதில் தானே ஒரு நீலக் கோடு போட்டுக்கொண்டு, அடித்த இடத்துக்கே திரும்பி நடந்தார்.