பழைய காயினுக்கு ஆள் இருந்தது

போன சனிக்கிழமை வீரபாண்டியில், ஒரு தையல் யூனிட் வாசலில் என் மானம் போனது. நியாயமாகத்தான் போனது.

நஜ்மாவும் நானும் ஒரே பனியன் கம்பெனியில், செக்கிங் டேபிளில் எதிரெதிரே நின்று வேலை பார்த்தவர்கள். நான் எழுத வந்துவிட்டேன். அவள் வீட்டு முன்னறையில் மூன்று மிஷின் போட்டுக் குழந்தைகள் பனியன் தைத்துக் கொடுக்கிறாள். கீழ்மடிப்பு தைக்கிற பிளாட்லாக் மிஷின் மட்டும் அவளிடம் இல்லை. அந்த ஒரு தையலுக்காக மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவாள். வீரபாண்டியில் ஒருவர் யூனிட்டை மூடுகிறார், நல்ல பிளாட்லாக் ஒன்று விலைக்கு வருகிறது என்று தெரிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பணம்? போனில் இருந்தது... கிரிப்டோவாக!

சில வருஷங்களுக்கு முன் தீபாவளி போனஸில் அவள் பிட்காயின் வாங்கிப் போட்டிருந்தாள். முழுக் காயின் எல்லாம் இல்லை, துளித்துளியாகத்தான். போன வருஷம் நான் சும்மா இருக்காமல் புத்தி சொன்னேன். "அதோட புரோகிராமை எடுத்தே புதுசா ஒரு காயின் பண்ணிருக்காங்க. ஸ்பீட் அதிகம், ஃபீஸ் கம்மி. பழசு இனி செத்துரும். எல்லாத்தையும் மாத்திரு."

பாதியை மட்டும் மாற்றினாள். "பாதி உங்க பேச்சுக்குங்க்கா. பாதி என் பயத்துக்கு."

மிஷினை ஓட்டிப் பார்த்தாள். தையல் சுத்தமாக விழுந்தது. விலை பேசி முடித்து, போனைத் திறந்து புதுக் காயினை விற்பனைக்குப் போட்டாள்.

டீ வந்தது. குடித்தோம். காயின் விற்கவில்லை.

ஆப்பில் வாங்க ஆளே இல்லை. இருந்த ஒன்றிரண்டு பேரும் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். அதற்குள் காங்கேயத்திலிருந்து ஒருவர் வந்து இறங்கி, நஜ்மா பேசி வைத்த மிஷினின் வீலைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். 

யூனிட்காரர் தலையைச் சொறிந்தார். "ஏனுங்க அம்மிணி, அவரு கையோட பணம் கொண்டாந்துட்டாருங்க. இன்னும் அரை மணி நேரம் பாக்கறனுங்க. அப்புறம் என்னையத் தப்பா நெனைக்காதீங்க."

நஜ்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வேறு வழியில்லாமல் பழைய பிட்காயினை விற்பனைக்குப் போட்டாள். போட்ட விரலை எடுக்கவில்லை — விற்றுவிட்டது! இருபது நிமிஷத்தில் பேங்க் மெசேஜ். உடனே பணம் யூனிட்காரர் கணக்குக்குப் போனது. காங்கேயத்துக்காரர் வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பினார்.

மிஷினை ஏற்றிய ஆட்டோவின் பின்னால் ஸ்கூட்டியில் வரும்போது கேட்டாள்: "புதுசு வந்தா பழசு செத்துரும்னீங்களேங்க்கா?"



போன் என்றால் பழைய மாடலைக் கம்பெனியே நிறுத்திவிடும். நாமும் புலம்பிக்கொண்டே புதுசு வாங்குவோம். பிட்காயினை நிறுத்த எந்த முதலாளி இருக்கிறார்? பிடித்தவர்கள் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். புரோகிராமை யார் வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம். இத்தனை வருஷம் தாக்குப் பிடித்த பெயரை, எந்நேரமும் வாங்கவும் விற்கவும் நிற்கிற கூட்டத்தை — எதை வைத்துக் காப்பி எடுப்பது? புதுசு வேகமாகப் போகும்தான்... அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டாமா?

இதையெல்லாம் வழி நெடுக விளக்கினேன். அவள் வீடு வந்து, மிஷினை இறக்கி வைத்த பிறகும் என் வாய் ஓயவில்லை. "அந்தப் புதுசு இனி எந்திரிக்காது நஜ்மா. வந்த வெலைக்குத் தள்ளி விட்டுரு."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "இல்லீங்க்கா, வெச்சுக்கறேன். நீங்களே எந்திரிக்காதுன்னுட்டீங்கல்ல... அப்ப அது பொழைச்சுக்கும்."