பெரியவருக்கு ஓர் அறை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எல்லாரும் அவளை 'பிரேக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து மாலை வரை அவள் வாயில் அதிகம் புரளும் சொல் அது. "பிரேக்கப் பிடிங்க! ஐயோ, அது ஆக்சிலேட்டர்ங்க!" கற்றுக்கொள்பவர்கள் மிதிக்க மறந்த பிரேக்கையெல்லாம் பக்கத்து இருக்கையிலிருந்து அவளே மிதித்து மிதித்து, அவள் செருப்பில் ஒன்று மட்டும் எப்போதும் முந்திக்கொண்டு தேயும்.

நாற்பது வயதுவரை கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். வீட்டாரும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். அப்போதுதான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் ஒருவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். மனிதர் பயந்த சுபாவம். அவர் ஓட்டினால் சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து மணியடிப்பார்கள். தட்டுத்தடுமாறி ஒருவழியாக லைசென்ஸ் வாங்கிவிட்டார். மறுநாள் காலையில் பழையபடி பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"பாஸாயிட்டீங்களே, இன்னும் என்ன?" என்றாள்.

"இல்ல மேடம்... ரிவர்ஸ் இன்னும் சரியா வரல" என்றார்.

ரிவர்ஸ் வரவே இல்லை. கல்யாணம் வந்துவிட்டது.

பேசி முடித்த நாளில் அவர் சொன்னார்: "வீட்டுல நானும் பெரியவரும் மட்டும்தான். தங்கச்சி கீழ்வீட்டுல இருக்கா. பெரியவரால யாருக்கும் தொந்தரவு இல்ல. சத்தமே போட மாட்டார். நல்லாத் தூங்குவார்."

மாமனார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, வயதானவர்கள் வழுக்கி விழாமல் இருக்க ரப்பர் அடி வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனாள். வீட்டுக்குள் நுழைந்து, "பெரியவர் எங்கங்க?" என்று கேட்டபோது, அவர் பூரிப்போடு கூடத்தின் மூலையைக் காட்டினார். அங்கே சாப்பாட்டுத் தட்டளவுக்கு ஒரு ஆமை, கழுத்தை நீட்டி அவளை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டிலிருந்த நாத்தனார் என்னமோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அவர் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோதே ஆமை அங்கே இருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் தனக்கு மூத்தது என்பதால் 'பெரியவர்' என்று வைத்தார். பயிற்சிப் பள்ளியில் கணக்கு எழுதும் பெண் இதைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அக்கா, ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்வாங்களே!"

"ஆமை எங்கடி புகுந்துச்சு? அது அங்கயேதான் இருந்துச்சு. புகுந்தது நான்தான்" என்றாள் பிரேக் அக்கா.

சொன்னாளே தவிர, உள்ளூர ஒரு உறுத்தல். கல்யாணமாகி அவள் வந்ததிலிருந்து பெரியவர் நிலைகொள்ளவில்லை. சுவரோரமாக வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. கூடத்து மூலையில் முன்னங்காலால் பிராண்டிக்கொண்டே இருந்தது. கீரையைப் போட்டால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. புது ஆளைப் பிடிக்கவில்லையோ என்று அவளுக்கு வருத்தம். அவரைக் கேட்டால், "அது அப்படித்தான் மேடம்" என்று மழுப்பினார். தாலி கட்டியும் 'மேடம்' போகவில்லை.

நாத்தனார்தான் குட்டை உடைத்தாள். "அண்ணி, அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா? அந்த மூலையில ஒரு உடைஞ்ச மரப்பெட்டி கிடந்துச்சு. பெரியவர் எப்பவும் அதுக்கடியிலதான் கிடக்கும். நீங்க வர்றீங்கன்னு அண்ணன் வீட்டுக்கு வெள்ளையடிச்சு, ஓட்டை உடைசலையெல்லாம் தூக்கிப் போட்டுட்டாரு. பெட்டியும் அதோட போயிடுச்சு."

அன்று சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அவள் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காகவா பெட்டியத் தூக்கிப் போட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி. "உடைஞ்ச பெட்டிய நடுக்கூடத்துல பார்த்தா நீங்க என்ன நினைப்பீங்கன்னு..."

"ஒண்டிக்கட்டை வீட்டுல உடைஞ்ச பெட்டி இல்லாம தங்கக் கட்டிலா இருக்கும்னு நினைப்பேன்? பாவம், வாயில்லா ஜீவன். இருந்த இடத்தையும் பிடுங்கிட்டீங்க!"

திட்டினாள். ஆனால் உள்ளுக்குள் ஏதோ இளகிவிட்டது. அவளுக்காக ஒருவர் வெள்ளையடித்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

மறுநாளே வேலையில் இறங்கினாள். முதலில் அழகான பிரம்புக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, வாசலுக்கு ஒரு பக்கம் வெட்டி, உள்ளே பஞ்சு மெத்தை போட்டாள். பெரியவர் எட்டிப் பார்த்தது, மெத்தையின் ஓரத்தைக் கடித்து இழுத்தது, போய்விட்டது. பஞ்சு தொண்டையில் சிக்கியிருந்தால் என்ன ஆவது என்று பதறி, கூடையை அன்றே அப்புறப்படுத்தினாள். அடுத்து, தாராளமாக இருக்கட்டுமே என்று பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தாள். பெரியவர் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி வெளியே வந்து பெட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டது.

"இதுக்கு என்னதான் வேணுமாம்?" என்று தரையில் குப்புறப் படுத்தே விட்டாள். ஆமையின் உயரத்திலிருந்து பார்த்தால் வீடே வேறு மாதிரி இருந்தது. நாற்காலிக் கால்கள் தூண்கள் மாதிரி நின்றன. கதவடியில் காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. ஒளிய ஒரு இடம் கிடையாது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரியவர் செருப்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் உடம்பைச் செருகிக்கொண்டு, ஓடு இரண்டு பக்கமும் உரச, கண்ணை மூடியது.

உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டாள். அவரும் அவளிடம் கார் கற்றுக்கொண்டவர்தான்.

"கரெக்டாப் பிடிச்சீங்க அக்கா" என்றார் டாக்டர். "மெத்தையும் வேணாம், மாளிகையும் வேணாம். முதுகுல கூரை லேசாத் தட்டணும், பக்கத்துல ஏதாவது உரசணும். அப்பத்தான் அதுக்கு நிம்மதி. கீழே தோண்ட மண்ணு போடுங்க. லேசா ஈரம் போதும், சேறாக்கிடாதீங்க. காத்து நேரா அடிக்காத மூலையா வைங்க."

பழக்கடையில் பலகைப் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி வந்தாள். போடப்போகும் மண்ணின் ஆழத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பெரியவரின் முதுகு உயரத்துக்கு மேல் ஒரு விரல் விட்டு அறுத்தாள். ஒரு பக்கம் வாசல் வெட்டினாள். வெட்டிய விளிம்பு சொரசொரவென்று இருந்தது. இதைப் பார்த்ததும் அதுவரை ஓரமாக நின்ற லென்ஸ்காரருக்குக் கை துறுதுறுத்தது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்தபோது வாசல் கண்ணாடி மாதிரி வழுவழுத்தது. நாத்தனார் தன் பூந்தொட்டிகளைக் கவிழ்த்து மண் கொடுத்தாள்.

பெரியவர் உள்ளே போனது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சற்று நேரத்தில் பெட்டி ஆடியது. உள்ளே திரும்ப இடமில்லாமல், வால் பக்கமாக வெளியே வர முட்டி மோதிக்கொண்டிருந்தது.

"உங்கள மாதிரியே இதுக்கும் ரிவர்ஸ் வரல!" என்று பிரேக் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பின்பலகையைக் கழற்றி, பெரியவர் உள்ளேயே ஒரு வட்டம் போட்டுத் திரும்பும்படி பின்பக்கத்தை அகலப்படுத்தி அடித்தாள். உயரத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

அடுத்த நாள் விடுமுறை. மத்தியானம் பார்த்தால் பெரியவரைக் காணோம். பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள், மண்தான் தெரிந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது. கட்டிலடி, அடுப்படி, அலமாரிப் பின்பக்கம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். நாத்தனார் தெருமுனை வரை ஓடினாள். அவர் மாடிப்படி ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து தேடினார்.

"என்னாலதான் போயிடுச்சு" என்று பிரேக் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சும்மா இருந்ததை நோண்டி நோண்டி விரட்டிட்டேன்." எத்தனையோ பேர் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டியபோதெல்லாம் கலங்காத கண் கலங்கியது.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கிப் பெட்டிக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை மண்ணுக்குள் போனது. அவர் முகம் மலர்ந்தது.

"உள்ளதான் இருக்கு. கூரைக்கடியில நல்லாப் புதைஞ்சு கிடக்கு. இவ்வளவு ஆழமா அது தூங்கி நான் பார்த்ததே இல்ல."

அவளும் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஓடு இதமாக இருந்தது. உள்ளேயிருந்து புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, தூக்கத்தைக் கெடுத்ததற்குக் கோபித்துக்கொண்டது போல. தெருமுனையிலிருந்து மூச்சிரைக்க வந்த நாத்தனார் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, டீ போடக் கீழே போனாள்.

மறுநாள் காலை பெரியவர் மண்ணும் முகமுமாக வெளியே வந்து, கீரையையும் வெள்ளரித் துண்டையும் ஒரு பிடி பிடித்தது.

அதைப் பார்த்துக்கொண்டே அவர் மெல்லக் கேட்டார்: "பெரியவருக்கு எல்லாம் செஞ்சாச்சு. உங்களுக்கு இந்த வீட்டுல ஏதாவது குறை இருக்கா மேடம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இருக்கே. வந்ததிலிருந்து என் துணியெல்லாம் சூட்கேஸ்லயேதான் கிடக்கு. பீரோவுல வைக்க இடம் எங்க?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் பீரோவைத் திறந்து, இரண்டு தட்டிலிருந்த தன் துணிகளை அள்ளிக் கட்டிலில் கொட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, மூன்றாவது தட்டையும் காலி செய்தார்.

"இன்னொண்ணு" என்றாள் அவள், சூட்கேஸைத் திறந்துகொண்டே. "அந்த மேடத்த விட்டுடுங்க."

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.