செருப்புக் காலோடு செய்த சோதனை

என் மனைவிக்கு மின்சாரம் அடித்ததற்குக் காரணம் நான். குளியலறைக் கீசரின் பச்சை வயரை என் கையாலேயே கழற்றி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, மூடியைப் போட்டு மூடினேன். அதன்பின் இரண்டு மாதம் அவள் சொன்னதையெல்லாம் நோய் என்றேன்.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெரு முழுக்க எனக்கு 'மாஷ்' என்றுதான் பெயர். மூன்று முள் பிளக்கில் எர்த் முள் ஏன் நீளம், ஏன் தடிமன் என்று கரும்பலகையில் படம் போட்டு, பதில் தெரியாத பிள்ளைகளை பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். ஆகவே கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் வயர்தான் அந்தப் பச்சை வயர் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று என யாரும் பரிதாபப்பட வேண்டாம்.

கீசரைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் வீட்டின் டிரிப் சுவிட்ச் விழுந்துவிடும். மின்சாரம் எங்காவது கசிந்தால் வீட்டையே அணைக்கும் சுவிட்ச் அது. தன் வேலையைத்தான் செய்தது. நான் டிவியில் செய்தி பார்க்கும் நேரத்தில் செய்ததுதான் அதன் குற்றம். தண்ணீரைச் சுடவைக்கும் எலிமென்ட் கெட்டிருக்குமோ? தண்ணீர் நன்றாகச் சுடுகிறதே, எப்படிக் கெடும் என்று எனக்கு நானே பாடம் எடுத்து முடித்து, பச்சை வயரைக் கழற்றினேன். டிரிப் நின்றது. படித்தவன் கை வைத்தால் இப்படித்தான் என்று பெருமை வேறு.

நான்கு நாள் கழித்து அவள் ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

"இங்க பாருங்க, பைப்பு கடிக்குது."

"பைப்புக்குப் பல்லு மொளச்சிடுச்சா?"

"வெளையாடாதீங்க. தொட்டா சுருக்குன்னு இழுக்குது."

உடனே போய்ப் பார்த்தேன். விஞ்ஞான மனப்பான்மை உள்ளவன் அல்லவா! ஈரத்தரை எனக்குப் பிடிக்காது, ரப்பர் செருப்போடு போனேன். குழாயை ஐந்து விரலாலும் பிடித்தேன். ஒன்றுமே இல்லை.

"உனக்கு சுகர் இருக்குல்ல? நரம்பு மரத்துப் போகுது, அதான்," என்று தீர்ப்புச் சொன்னேன்.

அவள் குளிப்பது வெறுங்காலில், தண்ணீர் தேங்கிய தரையில். அதன் பிறகும் அவள் சொல்லும்போதெல்லாம் போய்ச் சோதித்தேன். ஒவ்வொரு தடவையும் செருப்போடு.

டாக்டரிடம் அழைத்துப் போய் அவள் சார்பில் நானே பேசினேன். குழாயைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. நரம்புக்கு மாத்திரை எழுதினார். கல்யாண வீடுகளில் இதையே வேடிக்கைக் கதையாக்கினேன்: "எங்க வீட்ல பைப்பு ஆளைக் கடிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். குழாயில் துண்டைச் சுற்றித் திறக்கப் பழகிக்கொண்டாள்.

மழை பிடித்த ஒரு காலையில் அந்தத் துண்டு நனைந்திருந்தது. அலறல் கேட்ட அதே நொடியில் மின்விசிறி நின்றது. நான் வாய்க்கு வந்தபடி திட்டிய டிரிப் சுவிட்ச்தான் அவளை உயிரோடு விட்டது. விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் போட்டு வந்த மறுநாள் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். இடக்கொச்சிக்காரர். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், எங்களைப் போலவே. கீசர் மூடியைத் திறந்ததும் டேப் சுற்றிய வயர் எட்டிப் பார்த்தது.

"இது யாரு செஞ்ச பணி, மாஷே?"

"நான்தான்."

"அசல் பணி. சேச்சி ஒண்ணும் சொல்லலையா?"

"ரெண்டு மாசமா சொல்றேன் சேட்டா," என்றாள் அவள் வாசலிலிருந்து. "மாஷ் தொட்டுப் பாத்தாரு. எனக்கு சுகராம்."

அவர் என் காலைப் பார்த்தார். "இந்தச் செருப்போடயா தொட்டீங்க?"

நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"சரி, கீசரப் போடறேன். செருப்பக் கழட்டிட்டு இப்பத் தொடுங்க பாப்பம்."

கழற்றினேன். ஈரத்தரையில் நின்றேன். கை எழவில்லை. அவள் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மதி மாஷே, போதும்," என்று அவர் சுவிட்சை அணைத்தார். "கைய வெச்சுப் பாக்கறதுன்னா நான் எதுக்கு மீட்டர் தூக்கிட்டு வரணும்?"

பிறகு அவர் வேலை செய்ததைப் பார்த்தேன். முதலில் டெஸ்டரை மின்சாரம் உள்ள பிளக்கில் வைத்து, டெஸ்டர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் மெயினை அணைத்தார். கீசர் வயர்களில் டெஸ்டர் எரியவில்லை என்று உறுதியான பிறகே தொட்டார். எலிமென்டின் இரண்டு வயர்களையும் கழற்றி, இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தார். "கம்பி அறுபடல. அதான் தண்ணி சுட்டிருக்கு." ஒரு முனையிலும் கீசரின் உலோக உடம்பிலும் வைத்தார். தொடர்பே காட்டக் கூடாத இடம். காட்டியது. தொட்டியை வடித்து எலிமென்டை வெளியே எடுத்தால், வெள்ளையாக உப்புப் படிந்த உறையில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

புது எலிமென்டையும் அதேபோல் சோதித்துவிட்டு மாட்டினார். பச்சை வயரை அதன் இடத்தில் இறுக்கினார். தொட்டி நிரம்பிக் குழாயில் தண்ணீர் வந்த பிறகே மின்சாரம் கொடுத்தார். டிரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்றும் பார்த்தார். ஒரு மணி நேர வேலை. இதைத்தான் நான் இரண்டு மாதம் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தப்பு என்னோடதுதான். நீ சொன்னத நம்பியிருக்கணும்," என்று அன்று அவளிடம் சொன்னேன்.

"சரி," என்றாள். அவ்வளவுதான்.

கதை சொல்லிச் சிரிக்கவைத்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்து, பைப்பு கடித்தது நிஜம், கடிக்கவைத்தவன் நான் என்று சொன்னேன். டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். பெரும்பாலோர் இன்னொரு தடவை சிரித்தார்கள். "அதுக்காக சுகர விட்றாதீங்க," என்று ஆலோசனையும் கிடைத்தது. அவளுடைய அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிட்டு, அவள் கண்முன்னே குழாயில் மீட்டர் வைத்துக் காட்டச் சொன்னேன். சுழியம்.

"அந்த மீட்டரும் செருப்பு போட்டிருக்கும்," என்றாள்.

கீசர் இப்போது பிரமாதமாக ஓடுகிறது. அதில் குளிப்பவன் நான் ஒருவன்தான். அவளுக்கு அடுப்பில் தண்ணீர் காய்கிறது. மணிக்கட்டு இன்னும் பாரம் தூக்காது என்பதால் பாத்திரத்தைக் குளியலறைக்குச் சுமந்து போவது என் வேலை. இறக்கி வைத்ததும் அவள் குனிந்து என் காலைப் பார்ப்பாள். வெறுங்கால்தான் என்று தெரிந்த பிறகே கதவைச் சாத்துவாள்.