புளிக்காய்ச்சலில் ஓர் ஊசி

செங்கல்பட்டில் கோமளம் டீச்சர் பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்தினார். புகுந்த வீட்டில் அவர் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரு பழைய நோட்டைத்தான். மாமனாரின் தாத்தா, நூறு வருஷத்துக்கு முன் சென்னையில் மருத்துவம் படித்தபோது, விஷங்களைக் கண்டுபிடிக்கும் வழிகளை ஆங்கிலத்தில் குறித்துவைத்தது. பாஷாணத்துக்கு ஒரு சோதனை, ஊமத்தைக்கு ஒன்று. நடுநடுவே ஓரத்தில், "ஆசிரியர் சொன்னதில் பாதி புரியவில்லை", "பசி" என்றும் எழுதியிருந்தார்.

"பாவம், மெஸ் சாப்பாடு சரியில்லை போலிருக்கு" என்பார் டீச்சர், அடுத்த அறையில் இருப்பவரைச் சொல்வதுபோல.

கணவர் ராஜகோபாலனுக்குத்தான் உள்ளூர உதறல். "விஷத்தைப் படிச்ச கையோட எனக்குக் காபி கலக்கறயே!"

1998இல் பக்கத்து வீட்டு லாரிக்காரர் அருணகிரியின் மகள் ரேணுகாவுக்கு வளைகாப்பு. சமையலுக்கு வந்த சின்னப்பொண்ணு முதல் நாளே புளிக்காய்ச்சல் கிண்டினாள். உப்பு குறைவென்று அருணகிரி எல்லோர் முன்னாலும் கத்தினார். அவளும் பதிலுக்குக் கத்தினாள்.

மறுநாள் புளிச்சோறு தின்றவர்கள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். ரேணுகாவும்தான். ஆஸ்பத்திரியில் எல்லோரும் தேறிவிட்டார்கள். அருணகிரிக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை.

"கோவத்துல இன்னாத்தையோ கலந்துட்டா. போலீசுக்குப் போறேன்!"

சின்னப்பொண்ணு தெருவில் உட்கார்ந்து அழுதாள். "புள்ளத்தாச்சிக்கு நானா வெசம் வெப்பேன்?"

டீச்சர் நேரே சமையலறைக்குப் போனார். மீதிப் புளிக்காய்ச்சல் ஒரு பெரிய பித்தளை அண்டாவில் இருந்தது. உள்ளே ஈயப்பூச்சு எப்போதோ போய்விட்டிருந்தது.

"இதுல யார் மாத்தினா?"

"நான்தான். எங்கம்மா அண்டா டீச்சர். ஜம்முனு இருக்கட்டுமேன்னு நேத்தே மாத்தி வெச்சேன்" என்றார் அருணகிரி.

புளித்த பண்டம் தின்று வாந்தி வந்தால் ஆளைச் சந்தேகிக்குமுன் பாத்திரத்தைப் பார் என்று அந்தப் பசித்த மாணவர் எழுதியிருந்தது டீச்சருக்கு ஞாபகம் வந்தது. புளிக்காய்ச்சலைத் தண்ணீரில் கரைத்து, எண்ணெய் நீக்கி, துணியில் வடிகட்டி ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். தையல் ஊசி ஒன்றை உப்புத்தாளில் தேய்த்து உள்ளே போட்டார்.

"இப்ப போலீசுக்குப் போக வேண்டாம். இங்கயே உக்காருங்கோ."

மாலையில் ஊசியை எடுத்தபோது அது செக்கச்செவேலென்றிருந்தது.

"இது செம்பு, அருணகிரி. ராத்திரி பூரா புளி பித்தளையைத் தின்னிருக்கு; அதுல கரைஞ்ச செம்புதான் ஊசியில படிஞ்சிருக்கு. யாரும் எதுவும் கலக்கலை."

அருணகிரி ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு சின்னப்பொண்ணு வீட்டுக்குக் கிளம்பினார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது என்று தெரிந்து டீச்சரும் கூடப் போனார்.

"தப்பாப் பேசிட்டேன் தாயி. மனசுல வெச்சுக்காத."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் வாசலிலேயே நின்றார். டீச்சரும் நின்றார்.

கடைசியில் அவள்தான் கேட்டாள்: "பொண்ணு எப்டி கீது?"

"கஞ்சி குடிச்சா. தூங்கிகினு கீறா."

"சரி, உள்ள வா. டீச்சரம்மா எவ்ளோ நேரம் நிப்பாங்க?"