மணியடிப்பவரின் களைப்பு

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நந்திதுர்க் லைன் வீடுகளில் உறக்கத்திற்கு ஒரு மரியாதை உண்டு. சுரங்கம் ஓடிய நாள்களில், ஷிஃப்ட் முடித்து மேலேறி வந்த ஆண் உறங்கும் வேளையில் அவ்வீட்டில் அம்மி அசையாது. வானொலி வாய் திறக்காது. பிள்ளைகள் தெருவுக்கு அனுப்பப்படுவர். பூமியின் அடிவயிற்றில் உடல் இழந்ததை உறக்கம் மீட்டுத் தரும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

வெண்ணிலா அந்த மௌனத்தில் வளர்ந்தவள். சுரங்கம் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்னும், நாள்தோறும் ரயிலேறிச் சென்று பெங்களூரின் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணிபுரியும்போதும், அதையே மருந்தெனக் கொண்டு சென்றாள். களைத்துக் கிடப்பவரின் கட்டிலருகே திரையை இழுத்து விடுவாள்; உறவினரை வெளியே அமர்த்துவாள்; நன்றாக உறங்குங்கள் என்பாள். சொல்லில் கனிவு இருந்ததால் அதில் பிழை இருக்கக்கூடும் என்று ஒருவரும் எண்ணவில்லை.

அவ்வாறு அவள் உறங்கச் சொன்னவர்களுள் ஒருவர் அவள் தெருக்காரரான தாமோதரன். ஷாஃப்ட் எனும் சுரங்கக் குழியின் வாயில் நின்று, ஆள்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணியடித்தவர். அவர் ஒரு மணி அடித்தால் ஓடும் கூண்டு நிற்கும். மூன்று மணி அடித்தால் ஆள்கள் ஏறுகிறார்கள் என்று இயந்திர அறை அறிந்துகொள்ளும். இப்போது அவருக்கு நான்கு கீமோ முடிந்திருந்தன; இரண்டு எஞ்சியிருந்தன. மனைவி சரோஜம்மா, வெண்ணிலாவின் சொற்படி, வீட்டில் குக்கர் விசிலையும் அடக்கி வைத்திருந்தாள்.

ஐந்தாம் கீமோவுக்குப் பதினொரு நாள் இருக்கையில் செவிலியர்க்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. தொடக்கத்தில் ஒரு வினாத்தாள். நோயாளியின் களைப்புக்கு நீண்ட ஓய்வே மருந்து: சரியா, தவறா? வெண்ணிலா சிந்திக்கவும் இல்லை. சரி என்று குறியிட்டாள். பயிற்சி அளித்த லவினா அந்த விடையைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார். இது உழைத்த களைப்பன்று; உறங்கினாலும் இறங்காதது. படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து களைப்பு மேலும் பெருகும். இரத்தம் முதலியவற்றைச் சோதித்து மருத்துவர் தடையில்லை என்றால், சிறிது நடை, சிறிது நிறுத்தம், மீண்டும் நடை. அனைத்துக்கும் முன், களைப்பைப் பற்றி நோயாளியைக் கேட்க வேண்டும். வெண்ணிலா பதினோராண்டுகளாகக் காய்ச்சலைக் கேட்டிருக்கிறாள், வலியைக் கேட்டிருக்கிறாள். இதைக் கேட்டதேயில்லை.

மாலை ரயில் ஊரை நெருங்கியபோது தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேடுகள் துயிலும் யானைகளைப் போல் வெளிறிக் கிடந்தன. அவை எத்தனை காலமாக உறங்குகின்றன, எழுந்தனவா என்று அவள் மனம் எங்கோ அலைந்தது. இறங்கியவள் நேரே தாமோதரன் வீட்டுக்குச் சென்றாள். வாசலிலேயே சரோஜம்மா உதட்டில் விரல் வைத்தாள். இனி கீமோ ஊசிக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

அவர் உறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"எங்கப்பா ஒரு தூக்கம் போட்டா மறுநாள் சிங்கம் மாதிரி ஷிஃப்டுக்குப் போவாரு. நான் மூணு வாரமா தூங்கறேன். எழுந்தா அதே பாரம். அப்போ உள்ள ஒண்ணும் மிச்சமில்லன்னுதானே அர்த்தம்? எதுக்கும்மா இன்னும் ஊசி?"

"அது முடிவு இல்ல பெரீப்பா. இந்த வைத்தியத்துல வர்ற அசதி. தூக்கத்துல தீராது. தூங்குங்கன்னு சொன்னது நான் பண்ண தப்பு."

"இத்தினி வருஷ சர்வீசுல இப்பதான் தெரிஞ்சுதா?"

"இன்னிக்குக் காலைலதான். பரீட்சைல தப்பா போட்டேன்."

அவர் சிரித்தார். அந்த வீட்டில் ஓசை எழுந்து வெகுநாளாயிற்று.

மறுநாள் மருத்துவர் அவருடைய சோதனை முடிவுகளைப் பார்த்து நடக்கலாம் என்றதை, வெண்ணிலா மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். தெருக்குழாய் வரை முதல் நடை. பாதியில் மூச்சு வாங்கியது, நின்றார். வாசல்களிலிருந்து முகங்கள் திரும்பின. அவர் வீடு திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். கூண்டு கூண்டாக ஆள்களை இறக்கியவன் குழாயடியில் தத்தளிப்பதை ஊர் பார்க்க வேண்டுமா என்று, மாலையில் வந்த வெண்ணிலாவிடம் கேட்டார். நடையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

வெண்ணிலா கேட்டாள்: "நீங்க ஒரு மணி அடிச்சா, ஏன் நிறுத்தினேன்னு யாராச்சும் கேப்பாங்களா?"

"எவன் கேப்பான்? மேனேஜரே உள்ள இருந்தாலும் கேக்க முடியாது."

"அப்போ நீங்களே அடிங்க."

அடுத்த காலை தாமோதரன் பூண் போட்ட கைத்தடியுடன் இறங்கினார். மூச்சு முட்டியபோது தெருவிளக்கின் இரும்புக் கம்பத்தில் ஒருமுறை தட்டினார். உடன் வந்த சரோஜம்மா இயந்திரம்போல் அக்கணமே நின்றாள். இளைத்தவர் ஒருவர் நிற்பதாக அது தோன்றவில்லை. நிறுத்தியவர் நிற்பதாகத் தோன்றியது. நான்காம் நாள் எதிர்வீட்டு மனோகர் குரல் கொடுத்தான்.

"இன்னா மாமா, கூண்டு எந்த லெவல்ல நிக்குது?"

"உன் வீட்டு லெவல்லதான். காபி வருதான்னு பாக்கறேன்."

களைப்பு விலகிவிடவில்லை. சில நாள் குழாயைத் தாண்டினார். சில நாள் வாசற்படியே எல்லை. ஊசிக்கு வருவாரா என்பது மட்டும் தெரியவில்லை. மறுநாள் ஐந்தாம் கீமோ என்ற நிலையில், ஞாயிறு மாலை சரோஜம்மா கேட்டபோதும் அவர் கைத்தடியின் பூணைத் துடைக்கத் தொடங்கிவிட்டார் என்று அறிந்து, வெண்ணிலா மேலும் கேளாமல் விட்டாள்.

திங்கள் விடியலில் பனி ஸ்டேஷனை மூடியிருந்தது. விளக்குகள் பாலில் மிதக்கும் பூக்களாயின. இறைவன் உலகை இன்னும் முழுதாக வரைந்து முடிக்கவில்லை என்பதுபோல் எதற்கும் விளிம்பில்லை. நடைமேடையில் வெண்ணிலா தனியே நின்றாள். ரயில் வந்து நின்றது. அவள் படியில் கால் வைக்கவில்லை.

பனிக்குள் எங்கோ ஒரு தட்டு. பிறகு நெடிய மௌனம். மீண்டும் ஒரு தட்டு, சற்று அருகில். ஓடிச்சென்று கைப்பிடிக்க எழுந்த எண்ணத்தை அவள் அடக்கிக்கொண்டாள். மணி அவர் கையில் இருந்தது.

வெண்மையிலிருந்து இரு உருவங்கள் மெல்லத் திரண்டு பெட்டியின் வாசலை அடைந்தன. தாமோதரன் மூச்சு தணியும்வரை நின்றார். பின்னர், பெட்டியின் இரும்புக் கைப்பிடியில் கைத்தடியால் நிதானமாக மூன்று முறை தட்டினார்.