அண்ணன் அழிக்காமல் விட்ட ஒரே டேப்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பணிவான வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வரும் என்று பயந்திருந்தேன். காரணம் அம்மா. சில மாதங்களாகவே அவர் ஒன்றையே சொல்லி அழுதுகொண்டிருந்தார்: “முகம் கண்ணுலயே நிக்குது. குரலுதான் நெனப்புல வரமாட்டேங்குது.” போன வாரம் அந்தக் கவலை தீர்ந்தது. அதனால் இப்போது நிம்மதியாக எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். கிணறு வற்றியதும் அப்பா எங்களைத் திருப்பூருக்கு அழைத்து வந்து, ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அண்ணனையும் அதே கம்பெனியில், துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அண்ணனின் கை துணியைத் தடவும். காது பக்கத்து ரேடியோவில் இருக்கும். ஓட்டைத் துணியெல்லாம் தப்பித்துப் போனது. மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டு, “உங்களுக்குக் காதுதான் வேலை செய்யுதுங்க தம்பி, கண்ணு இல்லீங்க” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். அதைத் தனக்குக் கிடைத்த முதல் பாராட்டு என்றே அண்ணன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மைக் செட் கடையில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, ஜவுளிக் கடை ஒன்றின் மாடியில் சொந்தமாக ரெக்கார்டிங் ஸ்டுடியோ தொடங்கினார். ஸ்டுடியோ என்றால் ஒரே அறை, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. வெளிச்சத்தம் வராமல் இருக்கப் பல்லடம் கோழிப்பண்ணைகளிலிருந்து முட்டை அட்டைகளை வாங்கிவந்து சுவர் முழுக்க ஒட்டினார். அட்டைக்குப் பின்னால் பனியன் வேஸ்ட் துணியைத் திணித்தார். சத்தம் நின்றது, காற்றும் நின்றது. கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இது பாடற எடமுங்களா, இட்டிலி அவிக்கற எடமுங்களா?” என்று கேட்டாராம்.

கோயில் பாட்டு, சர்ச் பாட்டு, கடை விளம்பரம் எல்லாம் அங்கே பதிவாயின. இரண்டாயிரம் பிறந்த பிறகு மற்ற ஸ்டுடியோக்காரர்கள் கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். அண்ணனுக்கு அதற்கு வசதியில்லை. அவர் பெரிய சக்கரத்தில் சுற்றிவரும் ஸ்பூல் டேப்பிலேயே பதிவு செய்துவந்தார். புது டேப் கடைகளில் வருவது நின்றுபோனது. ஆகவே இருக்கிற டேப்பையே திரும்பத் திரும்ப உபயோகித்தார். பாடியவர்கள் கேசட்டை வாங்கிப்போய்க் கேட்டு, திருப்தி என்று சொன்னதும், அதே டேப்பில் அடுத்தவர் பாட்டைப் பதிவு செய்வார். புதியது பதியும்போதே பழையதை மெஷின் அழித்துக்கொண்டே போகும். முருகன் பாட்டு இருந்த டேப்பில் மாதா பாட்டு வரும், அதன்மேல் ஜட்டி விளம்பரம் வரும். எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதில்லை.

அண்ணனின் குணமும் டேப்பைப் போலத்தான். சண்டை போட்டவர்கள் மறுநாள் எதிரே வந்தால், “வாங்க, டீ சாப்பிடலாம்” என்பார். “நேத்து அவ்வளவு பேசினாரே அண்ணா” என்று நான் பொருமினால், “அதெல்லாம் அழிச்சாச்சு கண்ணு” என்பார். எனக்கு அந்த மனசு கிடையாது. நான் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற ஆள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவர் செய்த பெரிய தப்பு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதனால்தான் இன்று எங்களுக்கு நல்லது நடந்திருக்கிறது.

மடத்துக்குளத்திலிருந்து மயிலாத்தாக்காவும் அவர் கூட்டாளிப் பெண்களும் கும்மிப் பாட்டுப் பதிவு செய்ய வந்தார்கள். அவர்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்தன்று கேசட் வெளியிடுவதாக ஏற்பாடு. பாடிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கேசட்டுக்கு இன்னும் காப்பி எடுக்கவில்லை. அதற்குள் ஒரு கடைக்காரர் ஆடித் தள்ளுபடி விளம்பரம் அவசரம் என்று வந்து நின்றார். கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்ற பரபரப்பில் அண்ணன் கைக்கு அகப்பட்ட டேப்பை மாட்டி விளம்பரத்தைப் பதிவு செய்துவிட்டார். முடித்து, கடைக்காரருக்குப் போட்டுக் காட்டும்போதுதான் காலிப் பெட்டியைப் பார்த்தார். அதில் மடத்துக்குளம் என்று எழுதியிருந்தது.

மயிலாத்தாக்காவுக்கோ அப்போது தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. திரும்பப் பாட வழியில்லை. அண்ணன் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். மெஷினை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. டேப் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் பதிந்த இடம் தாண்டியதும் என்னவோ புரியாத பாஷையில் பெண்கள் பாடுவது போல ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கேட்டவர் துள்ளி எழுந்தார் என்று அண்ணி சொல்வார்.

விஷயம் இதுதான். பாட்டு முடிந்ததும் டேப்பைத் திரும்பச் சுற்றாமல் அப்படியே பெட்டியில் வைப்பது அண்ணன் வழக்கம். அப்படி வைத்தால்தான் டேப் கெடாது என்பார். மறுபடி போடும்போது சுற்றிக்கொள்வார். அன்றைய அவசரத்தில் சுற்றாமலே மாட்டியிருக்கிறார். டேப் கடைசியிலிருந்து ஆரம்பத்தை நோக்கி ஓடியிருக்கிறது. அழிந்தது கடைசி மங்களப் பாட்டு மட்டும். மற்றவை முழுசாக இருந்தன, தலைகீழாகக் கேட்டன, அவ்வளவுதான். கடைசிவரை ஓடவிட்டு, ஸ்பூலை இடம் வலம் மாற்றிப் போட்டதும் கும்மி கணீரென்று வந்தது. போன உயிர் திரும்பி வந்தது என்றார் அண்ணன்.

எதையும் மறைக்காமல் மடத்துக்குளத்துக்கே போய் நடந்ததைச் சொன்னார். மயிலாத்தாக்கா குரல் வராமல் சைகையிலேயே சிரித்தாராம். மங்களத்தை மற்ற பெண்கள் வந்து வேறொரு டேப்பில் பாடிக் கொடுத்தார்கள். கேசட் சொன்னபடி வெளிவந்தது. பிறகு அந்த ஸ்பூலை அண்ணன் அவர்களிடமே கொடுத்துவிட்டார். “இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. என் கைல இருந்தா எப்பயாச்சும் ஜட்டி விளம்பரமாயிருமுங்க.”

சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் இரண்டே நாளில் அண்ணன் விடைபெற்றார். அதிகம் வேதனைப்படவில்லை என்பதே எங்களுக்கு ஆறுதல். ஆனால் ஊரார் குரலையெல்லாம் பதிவு செய்த மனிதரின் குரல் எங்கள் வீட்டில் எங்குமே இல்லை. இருந்த டேப்பையெல்லாம் அண்ணியும் நானும் போட்டுப் பார்த்தோம். விளம்பரமும் பஜனையும்தான் வந்தன. அம்மா ஒவ்வொரு டேப்புக்கும் பக்கத்தில் வந்து உட்காருவார், ஏமாந்து எழுந்து போவார். எனக்கு அண்ணன்மேல் கோபமே வந்தது. ஒன்றையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா?

அண்ணிக்குத்தான் மடத்துக்குளம் ஞாபகம் வந்தது. போன வாரம் பஸ் பிடித்துப் போனேன். மயிலாத்தாக்கா சாமி மாடத்திலிருந்து ஸ்பூல் பெட்டியை எடுத்தார். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்! “போட்டுக் கேக்கறதுக்கு எங்ககிட்ட மெஷின் ஏதுங்க? தம்பி கொடுத்ததுன்னு வெச்சுக் கும்புடறமுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து மெஷினில் மாட்டினேன். ஆடித் தள்ளுபடி அலறியது. அடுத்து அதே புரியாத பாஷை. அம்மா எழப் போனார். அண்ணி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்: “அவரு செஞ்ச தப்பையே நீங்களும் செய்யறீங்க. மாத்திப் போடுங்க.”

டேப் முடியும்வரை ஓடவிட்டு, ஸ்பூலை மாற்றிப் போட்டேன். முதலில் வெறும் இரைச்சல். பிறகு செருப்பில்லாத காலடிச் சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச அண்ணனிடம் அந்த நாளில் மைக் கிடையாது. அது பின்னால்தான் வந்தது, அதன்பிறகு டேப் ஓடும் முன்பே பேசி முடித்துவிடுவார். அப்போதெல்லாம் டேப்பை ஓடவிட்டு, பாடுகிறவர்கள் பக்கத்தில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போவார். கேசட்டுக்குக் காப்பி எடுக்கும்போது அதை விட்டுவிடுவார். அந்தப் பேச்சுத்தான் வந்தது.

“வளையலக் கழட்டி வெச்சுட்டீங்களாக்கா? பயப்படாமப் பாடுங்க. தப்பு வந்தா அழிச்சுட்டு மறுக்காப் பாடிக்கலாம். ஆரம்பிக்கலாமுங்களா?”

அம்மா சட்டென்று மெஷினைப் பார்த்து, “ஆரம்பி சாமி” என்றார்.

கும்மி தொடங்கியது. நாங்கள் மூவரும் அழுதோம், ஆனால் ஓராண்டாக அழுத அழுகை அல்ல அது. அன்று இரவு அம்மா நன்றாகச் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் உடனிருந்த நண்பர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், இந்த ஓராண்டாக வாடகை கேட்டு வராத ஜவுளிக் கடைக்காரருக்கும், டேப்பைச் சாமியாக வைத்துக் காத்த மயிலாத்தாக்காவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றிக்கடன்பட்டது. நினைவு நாளன்று அவசியம் வாருங்கள், அந்த டேப்பைப் போடுவோம். கும்மிக்கு முன்னால் அண்ணன் உங்களிடமும் கேட்பார். நீங்கள் அமைதியாக இருந்தால் போதும். பதிலை அம்மா சொல்லிக்கொள்வார்.

கண்ணீரும் நிம்மதியுமாக,
தங்கை