கதவு திறந்தது, ஆளைக் காட்டவில்லை

ஒரு வருடமாக எங்கள் வீட்டுச் சனிக்கிழமை மாலைகளைத் தின்ற துப்பறியும் தொடரை இப்படி முடித்த ஆளை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைக் கொன்றது யார்? இவ்வளவுதான் கதை. சந்தேகம் கம்பவுண்டர் மேல், இல்லையென்றால் சின்ன மருமகள் மேல். கடைசிக் காட்சியில் இன்ஸ்பெக்டர் ஒரு கதவைத் தட்டுகிறார். கதவு திறக்கிறது. அவர் முகம் மாறுகிறது. முற்றும். உள்ளே நின்றது யார் என்று காட்டவே இல்லை.

எனக்கு இதில் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. விழுப்புரத்தில் என்னோடு இருக்கும் அம்மாவும், திண்டிவனத்தில் இருக்கும் அவள் தங்கை, என் சின்னம்மாவும் சில வருடங்களாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். என் கல்யாணப் பத்திரிகையை வீடு தேடிப் போய்த் தட்டில் வைத்துக் கொடுக்காமல், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்த சித்தப்பாவின் கையில் அம்மா திணித்துவிட்டாள். "நோட்டீஸ் குடுக்கற மாரி குடுத்தா நான் வரணுமா?" என்றாள் சின்னம்மா. வரவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவள் என் கல்யாண ஆல்பத்தில் எங்கும் இல்லை. நான் அந்த ஆல்பத்தைப் பிரிப்பதே இல்லை.

போன வருடம் பக்கத்துக் காணை கிராமத்தில் ஒரு சாவு வீட்டில், சின்னம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "கம்பவுண்டர்தான் கொன்னிருப்பான்" என்றாள். முன்வரிசையில் இருந்த அம்மா திரும்பாமலே, "அவன் இல்ல. அந்தச் சின்ன மருமவ" என்றாள். அதிலிருந்து வாராவாரம் தொடர் முடிந்ததும் சின்னம்மாவிடமிருந்து போன் வரும். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்ற பேச்சே கிடையாது. கொலை மட்டும்தான். தொடர் முடிந்தால் அந்த ஒரு பேச்சும் நின்றுபோகுமே என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

கடைசி வாரம் சரியாக ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலத்தில் வந்து தொலைத்தது. சாம்பல் புதனன்றே அம்மா டிவியின் மேல் ஊதாத் துண்டைப் போட்டு மூடிவிடுவாள். ஈஸ்டர் வரை திறக்கக் கூடாது. சின்னம்மா வீட்டிலும் இதே கதைதான். ஆகவே அங்கே அவள் மருமகளும் இங்கே நானும் செல்போனில் பார்த்துக் கதை சொல்ல வேண்டும். "பாக்கத்தான் கூடாது. கேக்கலாம்" என்பது அம்மாவே போட்டுக்கொண்ட சட்டம்.

அடுப்படியில் நின்று பார்த்தேன். அம்மா வெளியே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா ஆச்சி?"

"கதவத் தட்னாரு. தெறந்தாங்க. முடிஞ்சிபோச்சி."

"தெறந்தது யாரு?"

"காட்டல."

"நீ வேற எதனா நோண்டிக்கினு இருந்திருப்ப. ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் தெரியுதா உனக்கு?"

திரும்ப ஓட்டிப் பார்த்துச் சொன்னேன். நம்பவில்லை. நல்ல பேஜாரு.

அன்று போன் வரவில்லை. அவ்வளவுதான் என்று மனம் விட்டுப்போயிற்று. பூண்டை உரித்து முடித்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு தானே போனை எடுத்தாள். சண்டைக்குப் பிறகு அவளாகக் கூப்பிட்டது அன்றுதான்.

"ஏண்டி, உன் மருமவ இன்னா சொன்னா?"

அங்கேயும் அதே ஏச்சு நடந்திருக்கிறது. அக்காவும் தங்கையும் சேர்ந்து எங்கள் இருவரையும் ஆசை தீரத் திட்டினார்கள்.

"இதுங்கள நம்பக் கூடாதுடி. ஈஸ்டருக்கு நானே வர்றேன். ஒண்ணா ஒக்காந்து பாக்கலாம்."

ஈஸ்டர் அன்று சின்னம்மா வீட்டில் அந்தப் பாழாய்ப்போன கதவு மறுபடியும் திறந்தது. ஆள் இல்லை. அம்மா என் பக்கம் திரும்புவாள், நீ சொன்னது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் பையிலிருந்து தட்டு, வெற்றிலை, பாக்கு, பழம் என்று எடுத்து அடுக்கிச் சின்னம்மா முன் நீட்டினாள். மேலே என் கல்யாணப் பத்திரிகை.

சின்னம்மா குனிந்து பத்திரிகையைப் படித்தாள். "தேதி போயிட்டுதேக்கா."

"தேதி கெடக்குது. நேர்ல வந்து வச்சிட்டேன்."

சின்னம்மா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண்ணை முந்தானையால் துடைத்தாள்.

"சரி, கம்பவுண்டர்தான்னு ஒத்துக்க."

"அது மட்டும் நடக்காது" என்றாள் அம்மா.